நிலம் அளந்தவர், சுவடி காத்தவர்: கர்னல் காலின் மெக்கன்சி

வயலுக்கு வரப்பு எல்லை. ஊருக்கு ஓடையும் கண்மாய்க் கரையும் எல்லை. அவ்வெல்லைகளைக் கண்டறிந்து, அளந்து, தாளில் வரைந்து வைப்பது நில அளவையாளரின் பணியாகும். இப்பணி நம்மவர்க்குப் புதியதன்று. முதலாம் இராசராச சோழன் ஆட்சியில் நாடு அளக்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உலகளந்த கோல் என்றே ஓர் அளவுகோலுக்குப் பெயர் வழங்கிற்று. குழி, மா, வேலி என்னும் சொற்கள் இன்றும் முதியோர் நாவில் உலவுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மஃமூனின் ஆணைப்படி வானநூல் வல்லார் சிஞ்சார்ச் சமவெளியில் நிலத்தை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணிக்க முயன்றனர். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி பஞ்சாபின் நந்தனா மலைமேல் நின்று அதே வினாவிற்கு வேறொரு வழியில் விடை கண்டார். அளப்பது அறிவின் ஒரு கூறு என்பதை இவர்கள் வாழ்வு உணர்த்தும்.

ஆயினும் அளவை என்பது அறிவு மட்டும் அன்று. அது ஆட்சியும் ஆகும். நிலத்தின் பரப்பை அறிந்தவனே அதன்மேல் வரி விதிக்க இயலும். வழியை அறிந்தவனே படை நடத்த இயலும். ஆகவே, நிலம் அளப்பவன் யாருக்காக அளக்கிறான், அளக்கும்போது அந்நிலத்து மக்களை எவ்வாறு நோக்குகிறான் என்னும் வினாக்கள் என்றும் எழுந்தவண்ணம் உள்ளன. இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான கர்னல் காலின் மெக்கன்சியின் வாழ்வை நோக்குவது பயனுடையதாகும். தமிழ் பயில்வோர் மெக்கன்சி சுவடிகள் என்னும் பெயரை நன்கறிவர். அச்சுவடிகளைத் தொகுத்தவர் சங்கிலியும் கொடியும் கொண்டு நிலம் அளந்த ஒரு பொறியாளர் என்பதையும், அவர் உள்ளத்தில் அவ்வெண்ணம் அரும்பிய இடம் நம் மதுரை மாநகர் என்பதையும் அறிந்தோர் சிலரே ஆவர்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே லூயிஸ் என்னும் தீவு உள்ளது. அத்தீவின் துறைமுக ஊராகிய ஸ்டார்னோவேயில் 1754ஆம் ஆண்டு வாக்கில் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் மர்டாக் மெக்கன்சி ஒரு வணிகர். அவ்வூரின் அஞ்சல் அலுவலராகவும் விளங்கியவர். மகன் இளமையில் அவ்வூர்ச் சுங்க அலுவலகத்தில் பணியாற்றினார். கணக்கில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் மிகுந்திருந்தது.

அக்கால ஸ்காட்லாந்தில் நேப்பியர் பிரபுவின் குடும்பம் புகழ் பெற்றதாகும். 1614ஆம் ஆண்டில் மடக்கைக் கணக்கை உலகிற்கு அளித்த ஜான் நேப்பியர் அக்குடும்பத்தவரே. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தரும் மடக்கை அட்டவணை, முக்கோணங்களைக் கணிக்க வேண்டிய நில அளவையாளர்க்கு வலக்கை போன்றது. கணிப்பொறி வரும்வரை அவ்வட்டவணை இன்றி எந்த அளவையாளரும் பாசறையை விட்டுப் புறப்பட்டதில்லை. தம் முன்னோரான ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய நேப்பியர் பிரபு, கணக்கில் இந்தியர் பெற்றிருந்த அறிவு குறித்த செய்திகளையும் அதில் சேர்க்க எண்ணினார். அச்செய்திகளைத் திரட்டும் பணியில் இளைஞரான மெக்கன்சி துணை நின்றார். பிரபு மறைந்தார், நூல் முற்றுப்பெறவில்லை. ஆனால் இந்தியாவைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவ்விளைஞர் நெஞ்சில் வேரூன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினார். அதன்பின் அவர் தம் தாயகத்தை மீண்டும் காணவே இல்லை.

மதுரை தந்த எண்ணம்

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் அப்போது மதுரையில் வாழ்ந்து வந்தார். அவர் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டன் இங்கே கம்பெனியின் அலுவலராக இருந்தார். தந்தை விட்டுச் சென்ற நூற்பணியைத் தொடர விரும்பிய ஹெஸ்டர் அம்மையார், மதுரையிலிருந்த கற்றறிந்தோரை வரவழைத்துக் கணக்கும் வானநூலும் பற்றி உசாவி வந்தார். மெக்கன்சி சென்னைக்கு வந்த சிறிது காலத்திலேயே அவ்வீட்டின் விருந்தினரானார்.

மதுரை என்றால் சங்கம் என்பது நமக்குக் கேள்விச் செல்வம். அக்கேள்விச் செல்வம் ஜான்ஸ்டன் இல்லத்தையும் எட்டியிருந்தது. பழங்காலத்தில் இந்நகரில் ஒரு பெருங்கழகம் இருந்ததென்றும், அங்குப் பல துறை அறிவும் ஆராயப்பட்டதென்றும் அவர்கள் கேட்டறிந்தனர். அக்கழகத்தை மீண்டும் நிறுவ வேண்டும் என்னும் ஆசையும் அவ்வில்லத்தில் நிலவியது. அங்கே நடந்த உரையாடல்களினால் மெக்கன்சியின் நாட்டம் கணக்கோடு நில்லாமல் விரிந்தது. இந்நாட்டின் வரலாற்றை அறியவேண்டுமாயின், கோயில் மடங்களிலும் கர்ணங்களின் வீடுகளிலும் உறங்கும் ஏடுகளையும், கல்லிலும் செம்பிலும் பொறித்த சாசனங்களையும் தேடித் தொகுத்தாக வேண்டும் என்று அவர் உணர்ந்தார். பிற்காலத்தில், 1817ஆம் ஆண்டில், தம் வாழ்வின் போக்கைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதிய மடலில் மதுரை நாள்களையே தம் முயற்சியின் தொடக்கமாகக் குறித்துள்ளார்.

அம்மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பதும் அறியத்தக்கது. ஜான்ஸ்டன் இல்லத்தில் வளர்ந்த சிறுவர் அலெக்சாண்டர், பின்னாளில் சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் ஆகி, இலங்கையின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். இலங்கை முஸ்லிம்களின் மரபுச் சட்டம் 1806ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. மெக்கன்சியின் தொகுப்பை அரசு காக்க வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே.

போர்க்களமும் அளவைக்களமும்

எண்ணம் மதுரையில் தோன்றினாலும், அதனை நிறைவேற்ற உடனே ஓய்வு கிட்டவில்லை. மெக்கன்சி ஒரு படைவீரர். திண்டுக்கல், கோயமுத்தூர்ப் பகுதிகளில் பணியாற்றினார். 1786ஆம் ஆண்டில் பொறியாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நெல்லூர், ஒங்கோல், குண்டூர்ப் பகுதிகளில் சாலைகளையும் மலைகளையும் அளந்தார். 1792ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் இருந்தார். அதன்பின் ஹைதராபாத் நிஜாமின் நாட்டை அளக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இடையிடையே புதுச்சேரி முற்றுகைக்கும் இலங்கைப் படையெடுப்பிற்கும் அழைக்கப்பட்டார். அளவைக் கருவிகளைக் கட்டி வைத்துவிட்டுப் போர்க்களம் செல்வதும், போர் ஓய்ந்ததும் மீண்டும் கருவிகளை எடுப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் வாளேந்திய கையோடு தம் கோட்டை வாயிலில் வீரமரணம் எய்தினார். அந்த முற்றுகையிலும் மெக்கன்சி பொறியாளராக இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் வரைந்த படங்கள் கம்பெனிப் படைக்குப் பயன்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. திப்புவின் அரண்மனை நூலகத்திலிருந்த அரபு, பாரசீக நூல்கள் போர்க் கொள்ளையாகக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் பெயர்ப்பட்டியலை சார்லஸ் ஸ்டூவர்ட் 1809ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு நாட்டின் ஏடுகள் அயலார் கைக்குச் செல்லும் வழிகளுள் அது ஒன்று. அதே மைசூர் மண்ணில் மெக்கன்சி தொடங்கிய வழி மற்றொன்று. அது ஊர் ஊராகச் சென்று, கேட்டும் படியெடுத்தும் விலை கொடுத்தும் சேர்க்கும் வழி. இரண்டும் ஒரே ஆட்சியின் நிழலில் நடந்தவை எனினும் இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் நடுநிலை ஆகாது.

மைசூர் அளவை

திப்புவின் நாடு கம்பெனிக்கும் நிஜாமுக்கும் மைசூர் அரச மரபினர்க்கும் பங்கிடப்பட்டது. பங்கிட்டவர்களுக்கு எந்த ஊர் எவர் எல்லையில் உள்ளது என்பதே தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே அந்நாட்டை அளக்கும் பணி மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்த அப்பணியில் 40,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு அளக்கப்பட்டது.

அப்பணி நடந்த முறையை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். முதலில் சமமான ஒரு வெளியைத் தேர்ந்து, அங்கே ஒரு நேர்கோட்டினை மிகுந்த கவனத்துடன் சங்கிலியால் அளப்பர். இதற்கு அடிக்கோடு என்று பெயர். அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவிலுள்ள ஒரு குன்றின் மேல் நாட்டிய கொடியைத் தியோடலைட் என்னும் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இங்ஙனம் குன்றிலிருந்து குன்றுக்கு முக்கோணங்கள் வலை போலப் படரும். பின்னர் அந்த வலையின் கண்களுக்குள்ளே ஊர், ஓடை, சாலை, ஏரி ஆகியவற்றைச் சங்கிலி கொண்டும் மேசைப்பலகை கொண்டும் நிரப்புவர். சாலைத் தொலைவை உருட்டுச் சக்கரத்தால் அறிவர்.

இதே காலத்தில், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தம் புகழ்பெற்ற அடிக்கோட்டினை அளக்கத் தொடங்கினார். பூமியின் வடிவத்தைத் துல்லியமாக அறிவது லாம்டனின் குறிக்கோள். அம்முக்கோண வலை குமரி முனை வரை நீண்டது. மலையில்லாத சமவெளிகளில் கோயிற் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்திற்கு ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெருங்கருவி சிதைந்ததும், அதை அவரே வாரக்கணக்கில் உழைத்துச் செப்பனிட்டதும் 1808ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள். லாம்டன் வானையும் பூமியின் வளைவையும் நோக்கினார். மெக்கன்சியோ பூமியின் மேல் வாழும் மனிதரை நோக்கினார். ஊரின் பெயர் என்ன, எத்தனை வீடுகள், என்னென்ன தொழில்கள், ஏரி கிணறுகள் எத்தனை, அவற்றுள் பாழானவை எவை, என்ன பயிர் விளைகிறது, கோயில், பள்ளிவாசல், தர்கா எவை, ஊரைப் பற்றி வழங்கும் வரலாறு யாது என்றெல்லாம் அவருடைய உதவியாளர்கள் கேட்டு எழுதினர். படமும் குறிப்பும் சேர்ந்ததே அளவை என்பது அவர் கொள்கை.

இப்பணிக்குக் கம்பெனி தாராளமாகப் பொருள் வழங்கியது என்று எண்ண வேண்டா. தொடங்கிய சில காலத்திலேயே செலவைக் குறைக்குமாறு மேலிடம் ஆணையிட்டது. அவருடைய ஊதியமும் குறைந்தது. காட்டுக் காய்ச்சலால் உதவியாளர் பலர் வீழ்ந்தனர். தாவர நூல் வல்லுநர் விலகினார். முதன்மை உதவியாளர்கள் நோயுற்று நீங்கினர். எஞ்சி நின்றோர் பெரும்பாலும் சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்களே. மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பள்ளியில் முதலில் சேர்க்கப்பட்டோர் ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர் எண்மர். அப்பள்ளியே வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்கிறது. தாய் தந்தை அற்ற சிறுவர் கையில் ஒரு தொழிற்கல்வியைக் கொடுத்தால் அவர்கள் ஒரு நாட்டையே அளந்து வரைவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறு மெக்கன்சியின் கீழ்ப் பயிற்சி பெற்றோருள் ஒருவர் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு. மதுரை, திண்டுக்கல் பகுதிகளை அளந்து விரிவான குறிப்பு எழுதியவர் இவரே. 1821ஆம் ஆண்டில் பழனி மலைத் தொடரின் மேலேறி, இன்று கொடைக்கானல் எனப்படும் பகுதியை அளந்தவரும் இவரே.

துணை நின்றோர்

மெக்கன்சிக்கு இந்திய மொழிகளில் புலமை இல்லை. பல்லாயிரம் ஏடுகளைத் தொகுத்த ஒருவர் அவற்றைத் தாமே படிக்க இயலாதவர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்வுண்மையை அவரே ஒளிக்கவில்லை. தமக்குக் கண்ணாகவும் நாவாகவும் விளங்கியவர்களை அவர் வெளிப்படையாகப் போற்றினார்.

அவர்களுள் முதல்வர் காவலி வேங்கட போரய்யா. ஆந்திர நாட்டு ஏலூரைச் சேர்ந்தவர். தெலுங்கு, தமிழ், கன்னடம், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ந்தவர். ஊர் மக்களிடம் பேசி அவர்தம் நம்பிக்கையைப் பெறுவதில் இணையற்றவர். மெக்கன்சியின் பணிக்கு ஒரு முறைமையை வகுத்துக் கொடுத்தவர் இவரே எனலாம். 1803ஆம் ஆண்டில் இளமையிலேயே இவர் மறைந்தது மெக்கன்சிக்குப் பேரிழப்பாயிற்று. அண்ணன் விட்ட பணியைத் தம்பி லட்சுமய்யா ஏற்றார். மற்றொரு தம்பி ராமசாமி, தக்காணப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829ஆம் ஆண்டில் வெளியிட்டார். சமண அறிஞர் தர்மய்யா, சமணர் வரலாறும் வழக்கமும் பற்றிய செய்திகளை உதவினார்.

இவர்களும் இவர்கள் கீழ்ப் பணியாற்றியோரும் ஊர்களில் பட்ட துன்பம் சிறிதன்று. கம்பெனி ஆள் ஒருவன் தாளும் எழுதுகோலும் கொண்டு வந்து, ஊரின் பழைய சாசனங்களைக் காட்டுக என்று கேட்டால் மக்கள் ஐயுறுவது இயற்கையே. மானிய நிலத்தைப் பறிக்க வந்தானோ, வரியை உயர்த்த வந்தானோ என்று அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று எவரும் சொல்ல முடியாது. பழஞ்சாசனங்களைக் கொண்டு நில உரிமைகளை ஆராய்வதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அவ்வச்சத்தைப் போக்கி, ஏட்டைப் பெற்றுப் படியெடுத்து வந்தவர்கள் அக்கற்றறிந்தோரே. 1816ஆம் ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் தீட்டிய மெக்கன்சியின் உருவப்படத்தில், செந்நிறப் படையுடை அணிந்த அவரைச் சூழ்ந்து மூன்று இந்தியர் நிற்கின்றனர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி. ஒருவர் கையில் தொலைநோக்கி. பின்புலத்தில் சிரவணபெளகொளாவின் கோமதேசுவரர் சிலை. தம் துணைவரின்றித் தமக்குப் படம் இல்லை என்று அவர் கருதினார் போலும்.

உயர்வும் மறைவும்

1810ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளர் என்னும் பதவி அவருக்கென்றே ஏற்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜாவாப் படையெடுப்பிற்கு அனுப்பப்பட்டார். அங்கும் ஏடுகளையும் சாசனங்களையும் தேடுவதை அவர் விடவில்லை. 1815ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். அதுவரை வங்காளம், சென்னை, பம்பாய் என மும்மாகாணங்களில் தனித்தனியே நடந்த பணி அன்று ஒரு தலைமையின் கீழ் வந்தது. 1816ஆம் ஆண்டில் கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள அமராவதியின் பௌத்தச் சிற்பங்களை வரைவித்தார். அவருக்குப்பின் அங்கிருந்து பல கற்கள் அழிந்தும் சிதறியும் போயின. அக்கற்களுட் பலவற்றுக்கு அவர் வரைவித்த படங்களே இன்று சான்று.

1817ஆம் ஆண்டில் பதவியின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். தென்னாட்டு ஏடுகளையும் அவற்றைப் படிக்க வல்லாரையும் உடன் அழைத்துச் சென்றார். ஆனால் தெலுங்கும் தமிழும் கன்னடமும் அறிந்த புதியவர்களை அங்கே பெறுவது அரிதாயிற்று. ஏடுகளை வகைப்படுத்தி ஒரு பெருநூல் எழுத வேண்டும் என்னும் அவருடைய ஆசை தள்ளிப் போயிற்று. உடல் நலிந்தது. 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கல்கத்தாவிற்கு அருகே அவர் உயிர் நீத்தார். அந்நகரின் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறர் ஏடுகளைத் தொகுத்தவர், அவற்றைப் பற்றித் தம் நூலை எழுதி முடிக்காமலே சென்றார்.

சுவடிகளின் கதி

தம் கைப்பொருளைச் செலவிட்டு அவர் சேர்த்த தொகுப்பினை, அவர் மனைவியாரிடமிருந்து கம்பெனி அரசு ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எச்.எச். வில்சன் என்னும் அறிஞர் 1828ஆம் ஆண்டில் அதன் விளக்கப் பட்டியலை வெளியிட்டார். அப்பட்டியலின்படி அதில் 1,568 நூற்சுவடிகளும், 2,070 ஊர் வரலாற்றுக் குறிப்புகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 2,630 ஓவியங்களும், 6,218 நாணயங்களும் இருந்தன. ஒரு தனிமனிதர் அரசுப்பணியின் இடையே தொகுத்தவை இவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

லட்சுமய்யா இப்பணியைத் தாமே தொடர விரும்பி அரசுக்கு விண்ணப்பித்தார். ஏடுகளை ஊர் ஊராகச் சென்று தேடியவர் அவர். அவற்றின் உள்ளீட்டை அறிந்தவர் அவர். ஆயினும் 1830களில் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தார் அவ்விண்ணப்பத்தை ஏற்க மறுத்தனர். இத்தகைய ஆய்வைத் தலைமை தாங்கி நடத்த இந்தியர் ஒருவர் தகுதியுடையவர் ஆகார் என்பது அவர்கள் கருத்து. பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. அறிவைத் தேடித் தந்தவர் அதன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டார். மெக்கன்சி உயிரோடு இருந்திருப்பின் இது நிகழ்ந்திருக்குமா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டெய்லர் 1835ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட இரு தொகுதிகளில், மதுரைப் பாண்டியர் வரலாறும் நாயக்கர் வரலாறும் கூறும் தமிழ் ஏடுகள் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சேறின. 1868ஆம் ஆண்டில் மதுரை நாட்டைப் பற்றி நெல்சன் எழுதிய பெருநூலுக்கும் இத்தகைய ஏடுகள் துணையாயின. நம் நகரத்தின் வரலாற்றை இன்று நாம் எழுதும்போதும், பேசும்போதும், அந்த ஏடுகளின் மேல்தான் ஒரு காலை ஊன்றி நிற்கிறோம். தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி வந்து, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் மூலமுதலாயின. அங்குள்ள மெக்கன்சி சுவடிகளில் இன்னும் பதிப்பிக்கப்படாதவை பல. தமிழ்த்துறை மாணவர்க்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

நம் காலத்திற்கு

நில அளவை நம் நகரின் தெருப் பெயர்களிலும் கலந்துள்ளது. மாசி வீதிகளுக்கு அப்பால் நின்ற பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரிவாக்கும் பணியை, மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் 1837ஆம் ஆண்டு வாக்கில் மேற்கொண்டார். அப்போது நில அளவை அதிகாரியாக இருந்த மாரட் என்பவரின் பெயரையும், மேற்பார்வை செய்த பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் அவ்வாறு உண்டான வீதிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அவ்வீதிகளில் நாள்தோறும் நடப்போர் ஓர் அளவையாளரின் நினைவின்மேல் நடக்கின்றனர்.

இன்று சங்கிலி போயிற்று. செயற்கைக் கோள்களின் துணையால் நிற்குமிடத்தை நொடியில் அறிகின்றனர். ஆளில்லா வானூர்தி ஊரின் படத்தை ஒரே நாளில் எடுத்துத் தருகிறது. தெருவின் மேலே உள்ளவற்றை மட்டுமன்றி, கீழே ஓடும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வடம் ஆகியவற்றையும் மண்ணை ஊடுருவும் அலைகளைக் கொண்டு கண்டறிந்து வரையும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. பழைய நகரங்களில் இப்பணி இன்றியமையாதது. குழாய் எங்கே செல்கிறது என்று அறியாமல் தோண்டுவோர், ஒன்றைச் சீர்செய்யப் புகுந்து மற்றொன்றை உடைப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அத்தகைய இடங்களில் கருவி சொல்லாத செய்தியை அத்தெருவில் நெடுநாள் வாழ்ந்த முதியவரோ, பழைய குழாய்ப் பணியாளரோ சொல்லிவிடுவது உண்டு. அவரை நின்று கேட்கும் அளவையாளரே பிழையற்ற படம் வரைவார். மெக்கன்சியின் வாழ்வு இத்தொழிலுக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.

அவர் வேற்றரசின் ஊழியர். அவர் வரைந்த படங்கள் அவ்வரசின் வலிமையைப் பெருக்கின. இதனை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் தாம் அளந்த மண்ணின் மக்களிடம் கேட்டறியவும், அறிந்ததைக் காக்கவும், உடனுழைத்தவரைப் போற்றவும் அவர் தவறவில்லை. இதனையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் கண்மாய்கள் தூர்ந்து வருகின்றன. அவற்றின் எல்லைகள் ஆக்கிரமிப்பால் மங்கி வருகின்றன. வீட்டுப் பரண்களில் ஏடுகளும் பழம்பத்திரங்களும் செல்லரித்து வருகின்றன. பொறியியல் பயிலும் மாணவர் தம் ஊர்க் கண்மாயின் எல்லையை அளந்து வரையட்டும். தமிழ் பயிலும் மாணவர் அவ்வூர் முதியோரிடம் கேட்டு, அக்கண்மாயின் பெயரையும் மடைகளின் பெயரையும் வரலாற்றையும் எழுதட்டும். இருவரும் ஒரே ஊருக்கு ஒன்றாகச் செல்வார்களாயின், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஓர் இளைஞர் நெஞ்சில் தோன்றிய எண்ணம் இம்முறை நம்மவர் கையாலேயே, நம் மக்களுக்காகவே நிறைவேறும்.